இன்சுலின் ஆரம்பிச்ச பிறகு வர்ற தொந்தரவுகள்: சாயர்புரத்துல இருந்து ஒரு நீளமான த்ரெட்

“ஊசி போட ஆரம்பிச்ச பெறவுதான் டாக்டரம்மா ஒடம்பு கெட்டுது. நிப்பாட்டிட்டேன்.”

இதை வாரத்துக்கு ரெண்டு பேராவது எங்கிட்ட சொல்றாங்க. சாயர்புரம், ஏரல், சுத்துப்பட்டு கிராமங்கள்ல இருந்து வர்றவங்க. சொல்றது பொய் இல்ல. இன்சுலின் ஆரம்பிச்ச முதல் 2, 3 மாசத்துல கை நடுங்கலாம், வேர்த்துக் கொட்டலாம், கண்ணு மங்கலாம், கால் வீங்கலாம், எடை கூடலாம், ஊசி போட்ட இடம் தடிக்கலாம். எல்லாருக்கும் எல்லாமும் வராது. வந்தவங்ககிட்ட போய் “அதெல்லாம் ஒண்ணுமில்ல, போடுங்க”ன்னு சொன்னா அவங்க நம்ப மாட்டாங்க. நம்பவும் வேண்டாம்.

இதுல எது தானா சரியாகும், எது ஊசி நேரத்தை மாத்தினா சரியாகும், எதுக்கு உடனே ஓடி வரணும்னு பிரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டா ஊசியை நிப்பாட்ட வேண்டிய அவசியமே வராது. ஓபி வரிசையில இவ்வளவும் பேச நேரம் கிடைக்காது. அதனால இங்க எழுதுறேன். நீளமா இருக்கும், பொறுமையா வாசிங்க. வீட்டுல ஊசி போடுறவங்க இருந்தா அவங்களுக்கும் வாசிச்சுக் காட்டுங்க.

ஒரு விஷயம் முதல்லயே. இங்க சொல்றது பெரும்பாலும் பெரியவங்களுக்கு வர்ற டைப் 2 சர்க்கரை நோய் பத்தி. டைப் 1 உள்ள பிள்ளைகளுக்கு இன்சுலின்தான் உயிர். என்ன தொந்தரவு வந்தாலும் அவங்க இன்சுலினை ஒரு நாள்கூட முழுசா நிறுத்தக் கூடாது.

இப்ப ஒரு பழைய கதை.

இன்சுலினோட பக்கவிளைவு முதல் ஊசியிலேயே வந்தாச்சு. 1922 ஜனவரி 11, கனடாவுல டொரன்டோ பொது மருத்துவமனை. லியோனார்ட் தாம்சன்னு ஒரு பையன், 30 கிலோ கூட இல்ல. அன்னைக்கு சர்க்கரை நோய்க்கு இருந்த வைத்தியமே ஏறக்குறைய பட்டினிதான். பேன்டிங், பெஸ்ட் ரெண்டு பேரும் மாட்டோட கணையத்துல இருந்து எடுத்த சாறை அவனுக்கு ஊசியா போட்டாங்க. சர்க்கரை கொஞ்சம்தான் இறங்குச்சு. ஊசி போட்ட இடத்துல சீழ்க்கட்டி வந்திடுச்சு. அந்தச் சாறை நிறுத்திட்டாங்க, ஆனா பையனைக் கைவிடலை. காலிப்னு ஒரு உயிர்வேதியியலாளர் உக்காந்து அந்தச் சாறைச் சுத்தம் பண்ணினார். 12 நாள் கழிச்சு ஜனவரி 23ல மறுபடி போட்டாங்க. பையன் தேறினான். அதுக்கப்புறம் 13 வருஷம் இன்சுலின் போட்டு வாழ்ந்தான்.

அதே காலிப்தான் லோ சுகரையும் ஆரம்பத்துலயே கண்ணால பாத்தவர். சாறு கொடுத்த முயல்கள் வலிப்பு வந்து விழுந்துச்சு. குளுக்கோஸ் ஏத்தினதும் எந்திரிச்சு உக்காந்துச்சு. நீங்க சிரிஞ்சுல “20 யூனிட்”டுன்னு இழுக்குறீங்க இல்லையா, அந்த யூனிட்டை ஆரம்பத்துல வரையறுத்ததே பட்டினி போட்ட 2 கிலோ முயலோட சர்க்கரையை வலிப்பு வர்ற அளவுக்கு இறக்க எவ்வளவு இன்சுலின் வேணுங்கிற கணக்குலதான். லோ சுகர் வரும்னு முதல் நாள்ல இருந்தே தெரியும்ங்கிறதுக்காக இதைச் சொல்றேன். ஏன் வருதுன்னு பாத்து மருந்தை மாத்தினாங்க, அளவை மாத்தினாங்க. அதே வேலையை ஒவ்வொரு ஆளுக்கும் இன்னைக்கும் பண்ண வேண்டியிருக்கு.

ஒரு அக்கா பத்தி சொல்றேன். ஆள் அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன். வயசு 50ஐ ஒட்டி. தூத்துக்குடி பக்கம் உப்பளத்துல வேலை. இங்க அளத்து வேலைம்பாங்க. வெயில் ஏறுறதுக்கு முன்னாடி உப்பு வாரி முடிக்கணும், அதனால விடியுறதுக்கு ரொம்ப முன்னாலயே வேன் வந்திடும். மாத்திரை மட்டும் சாப்பிட்டு சுகர் 380ல நின்னதால ஒரு இடத்துல அவங்களுக்கு இன்சுலின் ஆரம்பிச்சிருந்தாங்க. 30/70ங்கிற கலப்பு வகை, காலையும் ராத்திரியும். சாப்பாட்டுக்கு அரை மணி நேரத்துக்கு முன்னாடின்னு சீட்டுலயும் எழுதியிருந்தது.

மூணாவது வாரம் அளத்துல மயங்கி பாத்திக்குள்ள விழுந்திருக்காங்க. கூட வேலை பாக்குறவ டீயை வாயில ஊத்தி எழுப்பியிருக்கா. அன்னைக்கு நிறுத்தின ஊசி. ரெண்டு மாசம் கழிச்சு கால் விரல்ல புண்ணோட எங்கிட்ட வந்தாங்க. சுகர் 420.

“எத்தன மணிக்கு ஊசி போட்டியக்கா?”

“மூணரைக்கு.”

“எப்ப சாப்பிடுவிய?”

“எட்டு மணிக்கு, அளத்துல வச்சு.”

“நடுவுல ஒண்ணுமே இல்லயா?”

“வரக்காப்பி. சீனி போடாம. சுகர்க்காரில்லா நான்.”

மூணரைக்குப் போட்ட கலப்பு இன்சுலின் ஆறு மணி வாக்குல நல்லா வேகம் பிடிக்கும். உள்ள சாப்பாடு இல்ல. ஊசி போட்டது தொடையில, அதுக்கப்புறம் அதே காலை ஊன்றி நின்னு மணிக்கணக்கா வாருபலகை இழுக்குறாங்க. வேலை செய்ற தசைக்கு ரத்தம் அதிகம் ஓடும், அங்க போட்ட மருந்து சீக்கிரம் உறிஞ்சப்படும். தசையும் தன் பங்குக்கு சர்க்கரையை இழுத்துக்கும். போதாக்குறைக்கு பழைய கிளிமிப்ரைட் மாத்திரையும் ஓடிக்கிட்டு இருந்துச்சு. அது தனியாவே சர்க்கரையை இறக்குற மாத்திரை. அந்தப் பொம்பளை விழாம இருந்திருந்தாத்தான் ஆச்சரியம்.

காலை ஊசியை எட்டு மணி சாப்பாட்டுக்கு மாத்திடலாம், பேனாவை எடுத்துட்டுப் போங்கன்னேன். அதுக்கு அவங்க சொன்னது: “அங்கன ஆம்பளயாளுக நிக்கையில சேலைய வெலக்கி ஊசி போடவா? ஒண்ணுக்குப் போகவே மறவு இல்ல, ஊசி போட மறவுக்கு எங்க போவ?”

அளத்துல வேலை பாக்குற நிறைய பெண்கள் ஒண்ணுக்குப் போக இடமில்லாததால தண்ணியே குடிக்காம அடக்கிக்கிட்டு இருப்பாங்க. சுகர் 400ல இருக்குறவங்களுக்கு இது எவ்வளவு பெரிய சித்திரவதைன்னு யோசிச்சுப் பாருங்க. உடம்பு சர்க்கரையை ஒண்ணுக்கு வழியாத் தள்ளப் பாக்கும், இவங்க அடக்குவாங்க. நாக்கு வறளும், குடிக்க மாட்டாங்க.

கடைசியில கலப்பு இன்சுலினை விட்டுட்டு, ராத்திரி 9 மணிக்கு வீட்டுல ஒரே ஊசி. மெதுவா நாள் முழுக்க வேலை செய்ற வகை. தொடைக்குப் பதிலா வயித்துல. கிளிமிப்ரைடை நிறுத்தியாச்சு, லோ சுகர் கொண்டு வராத மாத்திரைகளை மட்டும் தொடர்ந்தோம். வேன் ஏறுறதுக்கு முன்னாடி ரெண்டு இட்லியோ ஒரு கும்பா பழைய சோறோ கட்டாயம். மடியில குளுக்கோஸ் பாக்கெட். கூட வேலை பாக்குறவளுக்கும் சொல்லிக் கொடுத்தாச்சு.

புண் ஆற ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. 3 மாச சராசரி டெஸ்ட், அதாவது ஹெச்பிஏ1சி, 12ஐத் தாண்டி இருந்தது 8.1க்கு வந்தது. 7க்குக் கீழ கொண்டு வரலாமேன்னு என் நண்பர்கள் சிலர் கேப்பாங்க. கொண்டு வரலாம், அளத்து வேலையை விட்டுட்டு வீட்டுல உக்காந்தா. இந்த அக்காவுக்கு தினமும் போடுற ஊசியில வர்ற 8, ரெண்டு வாரம் போட்டுட்டு நிறுத்துற ஊசியில வர்ற 7ஐ விட மேல். அவங்களைக் கேட்டா ஹெச்பிஏ1சி பத்தி சொல்ல மாட்டாங்க. “ராத்திரி நாலு வாட்டி எந்திரிக்கது நின்னுட்டு டாக்டரம்மா”ன்னு அதைத்தான் சொல்றாங்க.

சரி, லோ சுகர் வந்தா என்ன பண்ணணும்?

கை நடுக்கம், வேர்வை, படபடப்பு, அகோரப் பசி, திடீர்னு எரிச்சல், பேச்சு குளறல். மெஷின் இருந்தா குத்திப் பாருங்க. 70க்குக் கீழன்னா லோ சுகர். மெஷின் இல்லைன்னா பாத்துக்கிட்டு இருக்காதீங்க, லோ சுகர்னே எடுத்துக்கோங்க. 3 டீஸ்பூன் குளுக்கோஸ் பவுடரோ சீனியோ அரை டம்ளர் தண்ணில கலக்கிக் குடிங்க. கால் மணி நேரம் பொறுங்க. குறையலைன்னா மறுபடி அதே அளவு. சரியானதும் இட்லி, சோறு, பழம்னு எதாவது சாப்பிடணும், இல்லைன்னா திரும்ப இறங்கும்.

நம்ம ஊர்ல இதுல ஒரு சிக்கல் இருக்கு. லோ சுகர்னதும் கைக்குக் கிடைக்குற இனிப்பை வாயில போடுவாங்க. ஒரு பெரியவர் மக்ரூன் டப்பாவையே பக்கத்துல வச்சிருந்தார். தூத்துக்குடி மக்ரூனை நான் குறை சொல்ல மாட்டேன், ஆனா அதுல முந்திரி இருக்கு. கொழுப்பு சேர்ந்த இனிப்பு வயித்தை விட்டு மெதுவாத்தான் இறங்கும். முந்திரிக்கொத்தும் சாக்லேட்டும் அதே கதைதான். நமக்கு வேண்டியது பத்து நிமிஷத்துல ரத்தத்துக்குப் போற சர்க்கரை. கருப்பட்டி? கடிச்சு மென்னுக்கிட்டு இருக்க நேரமில்ல. வேற ஒண்ணும் இல்லைன்னா தண்ணில கரைச்சுக் குடிங்க.

இன்னொண்ணு, இது பல பேருக்குத் தெரியாது. வோக்ளிபோஸ் அல்லது அகார்போஸ்னு ஒரு மாத்திரை இருக்கு. தனியாவும் வரும், வேற சுகர் மாத்திரையோட சேர்ந்தும் வரும். அது குடல்ல சீனி உடையுறதைத் தாமதப்படுத்துற மாத்திரை. அதைச் சாப்பிடுறவங்களுக்கு லோ சுகர் வந்தா சீனியும் கருப்பட்டியும் சீக்கிரம் வேலை செய்யாது. குளுக்கோஸ் பவுடர்தான் வேணும். உங்க மாத்திரை அட்டையைத் திருப்பி ஒரு தடவை பாத்துக்கோங்க.

ஆள் மயக்கத்துல இருந்தா வாயில எதையும் ஊத்தாதீங்க. அந்த அக்கா விழுங்கினாங்க, பிழைச்சாங்க. எல்லாருக்கும் அப்படி நடக்காது. மூச்சுக்குழாய்ல போயிடும். ஒருக்களிச்சுப் படுக்க வச்சு 108ஐக் கூப்பிடுங்க.

தூக்கத்துல வர்ற லோ சுகர் இன்னும் மோசம், ஏன்னா ஆளுக்கே தெரியாது. தலையணை நனைஞ்சிருக்கும், கெட்ட கனவா வரும், காலையில தலை பாரமா இருக்கும். சில சமயம் காலைச் சுகர் கூடுதலாக்கூட காட்டும். அதைப் பாத்துட்டு “ஏறிட்டு”ன்னு ராத்திரி டோஸை நீங்களே கூட்டிடாதீங்க. அலாரம் வச்சு ரெண்டு ராத்திரி 3 மணிக்கு எந்திரிச்சு குத்திப் பாருங்க, அந்தக் கணக்கோட வாங்க.

இதுக்கு நேர்மாறா ஒண்ணு இருக்கு: பொய்யான லோ சுகர். பல மாசமா 350, 400ல வாழ்ந்த உடம்புக்கு அதுவே பழக்கம் ஆகிடும். இன்சுலின் போட்டு 150க்கு வந்தா மூளை “ஐயோ, குறைஞ்சிட்டு”ன்னு மணியடிக்கும். நடுக்கம், வேர்வை எல்லாம் அப்படியே வரும். மெஷின் 140ன்னு காட்டும். இது நடிப்பில்ல, நிஜமாவே அப்படித்தான் இருக்கும். கொஞ்சம் உக்காருங்க, சாப்பாட்டு நேரம் நெருங்கியிருந்தா சாப்பிடுங்க. சீனியை அள்ளிப் போடாதீங்க. ரெண்டு, மூணு வாரத்துல உடம்பு புது அளவுக்குப் பழகிடும். இந்தக் கட்டத்துலதான் நிறைய பேர் ஊசியை விடுறாங்க. மெஷின்ல ஒரு தடவை குத்திப் பாத்திருந்தா விட்டிருக்க மாட்டாங்க.

சிரிஞ்சு விஷயம். இதைக் கொஞ்சம் கவனமா வாசிங்க.

நம்ம நாட்டுல குப்பியில வர்ற இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். பேனாவுல போடுற குழாய்ல ஒரு மில்லிக்கு 100 யூனிட். சிரிஞ்சும் ரெண்டு வகை: 40க்கு சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி. மாத்தி எடுத்தா என்ன ஆகும்? 100 வகை மருந்தை சிவப்பு மூடி சிரிஞ்சுல 20 கோடு வரைக்கும் இழுத்தா உள்ள போறது 50 யூனிட். ரெண்டரை மடங்கு. 40 வகை மருந்தை ஆரஞ்சு மூடியில 20 கோடு இழுத்தா போறது வெறும் 8 யூனிட், அப்ப சுகர் குறையவே குறையாது. பேனா கெட்டுப்போச்சுன்னு அதுல இருக்குற குழாய்ல சிரிஞ்சைக் குத்தி இழுக்குற பழக்கம் சில வீடுகள்ல இருக்கு. தயவுசெஞ்சு பண்ணாதீங்க. மெடிக்கல்ல வாங்கும்போது மூடி நிறத்தையும் குப்பில இருக்குற எண்ணையும் சேர்த்துப் பாருங்க.

பால் மாதிரி கலங்கலா இருக்குற கலப்பு இன்சுலினை உள்ளங்கையில வச்சு மெதுவா உருட்டணும். ஒரு பத்து தடவை உருட்டி, பத்து தடவை தலைகீழாச் சாய்க்கணும். கலக்காமப் போட்டா ஒரு நாள் அதிகம், ஒரு நாள் கம்மி. “ஒரே டோஸ்தான் போடுதேன், சுகர் ஏறி ஏறி இறங்குது”ன்னு சொல்றவங்ககிட்ட நான் முதல்ல கேக்குறது இதைத்தான்.

ரெண்டாவது கேள்வி: எந்த இடத்துல போடுறீங்க? பல பேர் வலிக்காத ஒரு இடத்தைக் கண்டுபிடிச்சு வருஷக்கணக்கா அங்கேயே குத்துவாங்க. அங்க தோலுக்கு அடியில கொழுப்பு திரண்டு, மெத்து மெத்துன்னு கட்டியா நிக்கும். அதுல குத்தினா வலி இருக்காது உண்மைதான், மருந்தும் ஒழுங்காப் போகாது. தொப்புளைச் சுத்தி ரெண்டு விரல் விட்டு, வயித்தை நாலு பாகமாப் பிரிச்சு வாரத்துக்கு ஒரு பாகம்னு போடுங்க. ஒரு எச்சரிக்கை: கட்டியில போட்டுக்கிட்டு இருந்த அதே டோஸை நல்ல இடத்துல போட்டா திடீர்னு லோ சுகர் வரலாம், ஏன்னா இப்ப மருந்து முழுசாப் போகுது. இடத்தை மாத்துறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட சொல்லி அளவைக் குறைச்சுக்கோங்க.

லோ சுகர் பத்தி கடைசியா ஒண்ணு. இதுதான் எனக்குப் பயம்.

ரிட்டயர் ஆன ஒரு வாத்தியார். பல வருஷமா தினம் 40 யூனிட் போடுறவர். திடீர்னு அடிக்கடி லோ சுகர். தானாவே குறைச்சுக் குறைச்சு 18க்கு வந்துட்டார். “ஜெபம் கேக்கப்பட்டது டாக்டரம்மா, இன்னும் கொஞ்ச நாள்ல ஊசியே வேண்டாம்”ன்னு ஒரே சந்தோஷம். எனக்கு அந்தச் சந்தோஷத்துல கலந்துக்க முடியலை. உடம்புல இருக்குற இன்சுலினைக் கழிச்சு வெளியேத்துறதுல கிட்னிக்குப் பெரிய பங்கு இருக்கு. கிட்னி மந்தமானா போட்ட இன்சுலின் உள்ளேயே தங்கி கூடுதல் நேரம் வேலை செய்யும். டெஸ்ட் எடுத்தோம். கிரியாட்டினின் ஏறியிருந்தது, யூரின்ல புரதம் போய்க்கிட்டு இருந்தது. அவரோட சர்க்கரை நோய் குறையலை, கிட்னிதான் குறைஞ்சிருந்தது. நல்லவேளை, டயாலிசிஸ் வரைக்கும் போகாத கட்டத்துலயே பிடிச்சாச்சு. மாத்திரைகளை மாத்தி, பிரஷரை இறுக்கிப் பிடிச்சு இப்ப ஓடிக்கிட்டிருக்கு.

எடை குறையாம, சாப்பாடு மாறாம, வேலை கூடாம, இன்சுலின் தேவை மட்டும் தானா இறங்கினா கொண்டாடாதீங்க. கிரியாட்டினின் பாருங்க.

இப்ப மத்த தொந்தரவுகள்.

கண் மங்கல். இன்சுலின் ஆரம்பிச்ச சில நாள்ல பேப்பர் வாசிக்க முடியாது, எழுத்து கலங்கும். “ஊசி கண்ணைக் கெடுத்துட்டு”ன்னு பயந்துடுவாங்க. பல மாசம் ஏறிக் கிடந்த சர்க்கரையால கண்ணுக்குள்ள இருக்குற லென்ஸோட தண்ணி அளவே மாறியிருக்கும். சர்க்கரை வேகமா இறங்கும்போது அது மறுபடி மாறும், பவர் தள்ளாடும். சில வாரத்துல நிலைக்கு வரும். அதுவரைக்கும் புதுக் கண்ணாடிக்குக் காசு கொடுக்காதீங்க. ஆனா விழித்திரை பரிசோதனையைத் தள்ளிப் போடாதீங்க. ஏற்கெனவே விழித்திரை பழுதானவங்களுக்கு சர்க்கரை ரொம்ப வேகமா இறங்கினா ஆரம்பத்துல அது கொஞ்சம் கூடவும் வாய்ப்பிருக்கு. அதனால முடிஞ்சவரை இன்சுலினுக்கு முன்னாடியோ, ஆரம்பிச்ச உடனேயோ திருநெல்வேலி அரவிந்த்லயோ தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரியிலயோ கண்ணுக்கு மருந்து விட்டுப் பாத்துடுங்க. திடீர்னு கறுப்புப் புள்ளி மிதந்தா, திரை விழுந்த மாதிரி இருந்தா அன்னைக்கே போகணும்.

கால் எரிச்சல். சர்க்கரை பல மாசம் உச்சத்துல இருந்து கிடுகிடுன்னு இறங்கினவங்கள்ல சிலருக்கு புதுசா கால் எரியும், குத்தும், போர்வை பட்டாலே வலிக்கும். நரம்பு சம்பந்தப்பட்டது. மாசக்கணக்குல இழுக்கலாம், ஆனா பெரும்பாலும் குறையும். வலிக்கு மருந்து இருக்கு. ரொம்ப நாள் ஏறிக் கிடந்தவங்களுக்கு நாங்க டோஸை ஒரேயடியா ஏத்தாம படிப்படியா ஏத்துறதுக்கு கண்ணும் இந்த நரம்பும்தான் காரணம். “இந்த டாக்டர் கொஞ்சம் கொஞ்சமா கூட்டி இழுத்தடிக்கா”ன்னு திட்டுறவங்க கவனத்துக்கு.

கால் வீக்கம். இன்சுலின், கிட்னியை உப்பைப் பிடிச்சு வைக்கச் சொல்லும். உப்பு இருக்குற இடத்துல தண்ணி நிக்கும். லேசான வீக்கம் சில நாள்ல, சில வாரத்துல வடிஞ்சிடும். கருவாட்டையும் ஊறுகாயையும் கொஞ்ச நாள் தள்ளி வைங்க. படுத்தா மூச்சு முட்டுது, நாளுக்கு நாள் வீக்கம் ஏறுதுன்னா அது வேற, ஹார்ட்டைப் பாக்கணும். முக்கியமா பையோகிளிட்டசோன் மாத்திரையும் சேர்த்துச் சாப்பிடுறவங்க உடனே சொல்லணும்.

எடை. இதை மறைக்க மாட்டேன், கூடும். பிரிட்டன்ல நடந்து 1998ல முடிவு வெளியான யுகேபிடிஎஸ் ஆய்வுல, 10 வருஷத்துல இன்சுலின் போட்டவங்களுக்கு மத்தவங்களை விட சராசரியா 4 கிலோ கூடுதல். அதே ஆய்வுலதான் சர்க்கரையைக் கட்டுக்குள்ள வச்சவங்களுக்கு கண், கிட்னி மாதிரி சின்ன ரத்தக்குழாய் பாதிப்புகள் 25 சதவீதம் குறைஞ்சதும் தெரிஞ்சது. எடை ஏன் கூடுது? சர்க்கரை 180ஐத் தாண்டினா ஒண்ணுக்குல கொட்டும். தினம் சாப்பிட்டதுல ஒரு பங்கு அப்படி வீணாப் போய்க்கிட்டு இருந்தது, இன்சுலின் அந்த ஓட்டையை அடைச்சிடுச்சு. அதனால போன எடை திரும்ப வருது. கன்னம் ஒட்டி, ஜாக்கெட் தொளதொளன்னு ஆனவங்களுக்கு 3 கிலோ கூடுறது நல்லதுதான். லோ சுகருக்குப் பயந்து நடுவுல நடுவுல பிஸ்கட் தின்னு ஏத்துறாங்க பாருங்க, அதுதான் கெடுதல். பயந்து தின்ன வேண்டியிருந்தா டோஸ் அதிகம்னு அர்த்தம். பிஸ்கட்டைக் கூட்டாம டோஸைக் குறைக்க வாங்க.

நம்ம ஊர் வழக்கத்துக்கு ரெண்டு வார்த்தை.

அசனம். கோயில்ல 12 மணிக்குப் பந்தின்னு அறிவிப்பாங்க. ஜெபம் முடிஞ்சு, வரிசை நகந்து, நம்ம முன்னாடி இலை விழ ரெண்டரை ஆகும். கல்யாண வீட்டுலயும் இதே கூத்துதான். பதினொன்றரைக்கு வீட்டுல ஊசியைப் போட்டுட்டுக் கிளம்பினவங்க பந்திக்கு முன்னாடியே சரிஞ்சிடுவாங்க. சாப்பாட்டு நேரம் நம்ம கையில இல்லாத இடத்துல, சாப்பாட்டைக் கண்ணால பாத்த பிறகு ஊசி போடுங்க. அரை மணி முன்னாடிங்கிற கணக்கு கொஞ்சம் தவறினாலும் பரவாயில்ல. ஏறுற சுகரை மறுநாள் பாத்துக்கலாம்.

உபவாச ஜெபம், லெந்து நாள் நோன்பு, காயல்பட்டினம் பக்கத்துல இருந்து வர்றவங்களுக்கு ரமலான் நோன்பு. இருக்கவே கூடாதுன்னு நான் யார்கிட்டயும் சொல்றதில்ல. சொன்னா எனக்குத் தெரியாம இருப்பாங்க, அது இன்னும் ஆபத்து. ஒரு வாரம் முன்னாடி வந்து சொல்லுங்க, டோஸை மாத்தித் தர்றேன். சிலரை வேண்டாம்னு சொல்ல வேண்டியும் வரும்: கிட்னி பழுதானவங்க, போன மாசம் லோ சுகர்ல விழுந்தவங்க. எந்த நோன்புலயும் சுகர் 70க்குக் கீழ வந்தா அந்த நிமிஷமே நோன்பை முடிச்சுக்கணும்.

காய்ச்சல், வாந்தி வந்து சாப்பிட முடியலைன்னா “சாப்பிடல, அதனால ஊசியும் போடல”ன்னு நிறுத்திடாதீங்க. உடம்பு முடியாத நாள்ல சாப்பிடாமலே சர்க்கரை ஏறும். அளவு மாறும், அதைக் கேட்டுக்கிட்டுப் போடுங்க.

வைக்குற இடம்: பிரிக்காதது ஃபிரிட்ஜ் கதவுல, ஃப்ரீசர்ல இல்ல. உறைஞ்ச இன்சுலினை உருக்கிப் போட்டாலும் வேலைக்கு ஆகாது. பிரிச்சது 4 வாரம் வரைக்கும் வெளியே நிழல்ல இருக்கலாம், பிரிச்ச தேதியை மேலே எழுதிடுங்க. சித்திரை வெயிலுக்கும் ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டுக்கும் மண்பானை போதும். ஒரு பானையில ஈர மணல், அதுக்குள்ள சின்னக் கலயம், கலயத்துக்குள்ள பாலித்தீன் கவர்ல கட்டின குப்பி. மணல் காயாமப் பாத்துக்கணும்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல 2021ல இருந்து வீட்டுக்கே மாத்திரை கொண்டு வர்றாங்க இல்லையா, அந்த அக்காகிட்டயும் சொல்லலாம். ஊசி போட்டா இப்படிப் பண்ணுதுன்னு ஒரு வார்த்தை. அவங்க சுகர் பாத்துட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துல சொல்லிடுவாங்க. வர்றப்ப மூணு விஷயம் கொண்டு வாங்க: எந்த நேரம் ஊசி, எந்த நேரம் சாப்பாடு, எந்த நேரம் தொந்தரவு. ஒரு வாரத்துக்கு காலண்டர் தாளுக்குப் பின்னாடி எழுதினாலே போதும். பாதி வைத்தியம் அந்தத் தாள்லயே இருக்கும். ஊசியும் சிரிஞ்சும் கூடவே வரட்டும், மூடி நிறம் நானும் பாக்கணும்.

டோஸ் எவ்வளவு போடணும்னு மட்டும் இங்க கேக்காதீங்க. ஆளைப் பாக்காம சொல்ல மாட்டேன். போட்டு முடிச்ச ஊசிகளை ஒரு கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவுல சேர்த்து, நிறைஞ்சதும் ஆஸ்பத்திரியில கொடுங்க. குப்பையில போடாதீங்க. துப்புரவு வேலை பாக்குறவங்க கையில குத்துது.